என் மூஞ்சியும் ராமலிங்கத்தின் முதுகும்

ராமலிங்கத்தின் முதுகு சினிமாவில் வந்திருக்கிறது. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவனே சொல்லுவான். கருவடிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அவனிடம் ஏதாவது வீட்டுக்கு வழி கேட்டுப் பாருங்கள். இடது பக்கமா வலது பக்கமா என்பதற்கு முன்னால் முதுகு வந்துவிடும்.

நாங்கள் இளவட்டமாக இருந்தபோது கடற்கரைச் சாலையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிறான். கூட்டத்தில் ராமலிங்கமும் இருந்தான், நானும் இருந்தேன். அவன் விவரமில்லாமல் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் விவரமானவன், முகத்தைக் காட்டி நின்றேன், போதாததற்குக் கண்ணையும் சிமிட்டினேன். படம் வந்தது. கண் சிமிட்டிய இடத்தை வெட்டி எறிந்திருந்தார்கள். ராமலிங்கத்தின் முதுகு மட்டும், ஒரு தும்மல் தும்முகிற நேரத்துக்கு, பனைமர உயரத்தில் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு அவன் எழுந்து நின்று கைதட்டினான். தன் முதுகுக்குத் தானே கைதட்டிய மனிதனை உலகத்தில் நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. முதுகு இல்லை, மூஞ்சி. என் மூஞ்சி ஒரு தடவை திரையில் வர வேண்டும், ராமலிங்கம் அதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். மின்துறையில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றேன், பெண்ணைக் கட்டிக் கொடுத்தேன், பேரன் பிறந்தான். எல்லாம் நடந்தது, இது மட்டும் நடக்கவில்லை.

எங்களுக்குள் பகை வந்தது முதுகால் மட்டுமல்ல. அவனுக்கு ஒரு நடிகர், எனக்கு ஒரு நடிகர். பெயரெல்லாம் வேண்டாம். சொன்னால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நாளைக் காலை என் வீட்டு வாசலில் நிற்பார்கள், மீதிப் பாதி அவர்களை அடிக்க வருவார்கள். அவன் ஆள், என் ஆள் என்றே வைத்துக்கொள்வோம். அவன் ஆளுக்கு அழத் தெரியாது என்பது என் கட்சி. அம்மா பிணமாகக் கிடக்கும்போது அந்த ஆள் அழுதால் தொண்டையில் மீன் முள் சிக்கியது மாதிரி இருக்கும். தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு டாக்டர் பதறிப்போய் திரையை நோக்கி ஓடினார் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லி அந்த டாக்டரின் கண்ணாடி வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவன் கட்சி வேறு. "உன் ஆளுக்குச் சாவத் தெரியாதுய்யா. குண்டு பாஞ்சப்புறம் ஒரு பாட்டு. பாட்டுக்கப்புறம் வசனம். வசனத்துக்கப்புறம் இருமலு. படம் முடிஞ்சி சனமெல்லாம் சைக்கிள எடுத்துக்கினு வீட்டுக்குப் போயிடும், அந்தாளு மட்டும் உள்ள செத்துக்கினு இருப்பான்."

இந்த விவாதம் தினமும் காலையில் சின்னப்பாப்பாவின் டீக்கடையில் நடக்கும். கடை வாசலில் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. சுவரோரப் பெஞ்சில் சாய்ந்துகொள்ளலாம், தெருவையும் பார்க்கலாம். அதற்காகவே ராமலிங்கம் எனக்கு முன்னால் வந்து அதைப் பிடித்துவிடுவான். எனக்கு எப்போதும் எதிர்ப் பெஞ்சு. தெருவுக்கு முதுகு, கண்ணுக்கு ராமலிங்கம்.

போன மாதம் எங்கள் தெருவுக்கே படப்பிடிப்பு வந்தது. கதை பாண்டிச்சேரியில் நடக்கிறதாம். கேட்டதும் ராமலிங்கம் நம்பவில்லை.

"நம்ம ஊரு என்னைக்குய்யா நம்ம ஊரா வந்திருக்குது? ஒயிட் டவுன்ல எடுத்துட்டு பாரீஸும்பான். பீச்ல எடுத்துட்டு கோவாம்பான். பிள்ளைச்சாவடில நாலு படக எடுத்துட்டு சிலோனும்பான்."

"லாஸ்பேட்ட ஏர்போர்ட்ட லண்டன்னு காட்னான் ஒருத்தன்," என்றேன். "ஹீரோ கோட்டு போட்டுக்கினு எறங்குறான், பின்னால எருமமாடு மேயுது."

"அது உன் ஆளு படந்தான்."

"இருக்கட்டுமே. எரும நல்லா நடிச்சிருந்திச்சி. உன் ஆளவிட."

உண்மையிலேயே இந்தப் படத்தில் பாண்டிச்சேரி பாண்டிச்சேரியாகவே வருகிறதாம். ஆனால் ஒயிட் டவுனில் சனி ஞாயிறு என்றால் சுற்றுலாக் கூட்டம், நிற்க இடமில்லை. அதனால் கருவடிக்குப்பத்துக்கு வந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவர் அந்தக் காலத்தில் வளைவு வைத்துக் கட்டிய வீட்டைப் பார்த்து, "இது போதும்," என்றார்கள். ஒரே நாளில் தெரு மொத்தத்துக்கும் மஞ்சள் அடித்தார்கள். மதில், தூண், விளக்குக் கம்பம் எல்லாம் மஞ்சள். அசையாமல் படுத்திருந்த ஒரு நாய்க்கும் பாதி அடித்துவிட்டார்கள், நான் பார்த்தேன். மூலையில் நீலப் பலகையில் பிரெஞ்சில் ஒரு தெருப் பெயர். பாண்டிச்சேரிக்குள்ளே பாண்டிச்சேரி செட்டுப் போட்ட கூத்து எங்கள் தெருவில்தான் நடந்தது.

படப்பிடிப்பு அன்று நான் தீர்மானத்தோடு எழுந்தேன். மீசைக்கு முந்தின நாளே சாயம் போட்டாயிற்று. பெண் கல்யாணத்துக்குத் தைத்த சந்தன நிறச் சட்டை. முகத்துக்குப் பவுடர். என் மனைவி கமலா வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க கௌம்பிட்டீங்க?"

"ஷூட்டிங் வேடிக்க பாக்க."

"வேடிக்க பாக்கறவருக்கு எதுக்கு மூக்கு மேல இவ்ளோ பவுடரு?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். என் திட்டம் சுலபமானது. சொல்தா வீட்டு முன்னால் கேமரா ஓடத் தொடங்கியதும், கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு இயல்பாகக் குறுக்கே நடப்பது. பாதியில் நின்று கேமராவைப் பார்த்து மூஞ்சியைத் துடைத்துக்கொள்வது. அதுவரைக்கும் ஒரு டீ.

ராமலிங்கம் வழக்கம்போல் சுவரோரத்தில் இருந்தான். ஓட்டை பனியன், தலையில் துண்டு, நாலு நாள் தாடி. கையில் ஒரு கடி கடித்த வடை.

"இன்னாய்யா, பொட்டிக்குள்ள வெக்கற பொணமாட்டம் வந்திருக்கிற?" என்றான்.

"உன் ஆளு கடைசி படத்துல இப்படித்தான் இருந்தான்," என்றேன். "அவனுக்குப் போட்ட மேக்கப்புல நம்ம தெருவுக்கே மஞ்சள் அடிச்சிருக்கலாம்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நான் நல்ல சுருதியில் இருந்தேன். டாக்டர் ஓடிய கதையில் ஒரு நர்ஸையும் சேர்த்துவிட்டேன். ராமலிங்கம் வடையை என் மூக்குக்கு நேரே நீட்டி நீட்டிப் பேசினான். நடுவில் ஒரு தாடிக்காரப் பையனும் ஒரு பெண்ணும் வந்து எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏதோ குசுகுசுத்தார்கள். அந்தப் பெண் கண்ணைக் கசக்கினாள். எனக்கு எரிச்சல்.

"தம்பி, குடும்பப் பிரச்சனையெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்னு பேசுப்பா. இங்க முக்கியமான விஷயம் ஓடுது," என்றேன்.

"கட்!" என்று ஒரு சத்தம்.

எதிர்ப்புறம் காலையிலிருந்து நின்றிருந்த பழ வண்டியின் தார்ப்பாயைத் தூக்கினார்கள். உள்ளே பழம் இல்லை, கேமரா. தாடிக்காரப் பையன்தான் கதாநாயகன். இந்தக் காலத்து நாயகர்கள் எல்லோருக்கும் ஒரே தாடி, நான் என்னத்தைக் கண்டேன்!

தொப்பி போட்ட ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பெயர் கவிநிலா, லாஸ்பேட்டைப் பெண், உதவி இயக்குநர்.

"அங்கிள், ரெண்டு பேரும் அசையாதீங்க! நீங்க ஹீரோவத் திட்டறதுக்குள்ளயே மாஸ்டர் ஷாட், அதான் மொத்த சீனும் தெரியற ஷாட், ஓகே ஆயிடுச்சு. நீங்களும் ஃப்ரேம்ல இருக்கீங்க. சீன் முடியற வரைக்கும் இதே எடம், இதே ட்ரெஸ், இதே டீ. ஒருத்தர் எழுந்து போனாலும் இப்ப எடுத்ததோட மத்த ஷாட் ஒட்டாது."

என் நெஞ்சு ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது. "ஃப்ரேம்ல இருக்கிறோமா? என் மூஞ்சி எப்படிம்மா வந்திருக்குது?"

"உங்க முதுகு அங்கிள். சூப்பரா வந்திருக்கு."

"முதுகா?"

"ஆமா. இந்த அங்கிளோட மூஞ்சிதான் டைரக்டருக்கு ரொம்பப் புடிச்சிடுச்சு. மேக்கப்பே இல்லாம எவ்ளோ ரியலா இருக்காருன்னு சொல்லிட்டே இருக்காரு."

ராமலிங்கம் வடையைக் கீழே வைத்தான். துண்டை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். அவன் சிரித்த சிரிப்பைப் பார்க்கும் கதி என் எதிரிக்கும் வரக் கூடாது. அவனே எதிரி என்பதால் வேறு வழியில்லாமல் நானே பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டு பழைய சிநேகிதங்க எவ்ளோ பாசமா பேசிக்கிறாங்க பாருன்னு சார் சொன்னாரு," என்றாள் கவிநிலா.

"பாசமா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். தெரு அதிர்ந்தது. மஞ்சள் நாய் எழுந்து போய்விட்டது.

"அதேதான் அங்கிள், அதே எனர்ஜி! ஆனா இனிமே சத்தம் வரக் கூடாது. பக்கத்துல டயலாக் ரெக்கார்ட் ஆகுது. நீங்க பேசற மாதிரி வாய மட்டும் அசைச்சா போதும்."

அன்று வெயில் ஏறி இறங்கும் வரைக்கும் நாங்கள் நடத்திய சண்டை மாதிரி ஒரு சண்டையை மனித குலம் கண்டிருக்காது. சத்தமே இல்லாமல். தினமும் கேட்டுப் பழகிய வசனம்தானே, அவன் உதடு அசைந்தாலே எனக்கு முழுசும் கேட்டது. "குண்டு பாஞ்சப்புறம் ஒரு பாட்டு," என்று அவன் வாயசைத்தான். "மீன் முள்ளு," என்று நான் வாயசைத்தேன். கெட்ட வார்த்தைகளும் போயின, வந்தன. சத்தமில்லாமல் திட்டும்போது ஒரு சௌகரியம், எதையும் அடக்க வேண்டியதில்லை. பக்கத்தில் கதாநாயகி காதலனைப் பிரிந்துபோக, நடுவில் நாங்கள் இரண்டு பேர் ஒருவனை ஒருவன் குடும்பத்தோடு கிழித்துக்கொண்டிருந்தோம். "பிரமாதம், அந்த ரெண்டு பெரியவங்க பிரமாதம்," என்றார் இயக்குநர்.

ஒவ்வொரு டேக்குக்கும் டீ கிளாஸ் அதே அளவுக்கு இருக்க வேண்டும். ராமலிங்கம் கடித்த வடை அதே கடியோடு இருக்க வேண்டும். புது வடை வரும், அவன் அதே இடத்தில் கடித்துக் கொடுப்பான், கவிநிலா போனில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் அங்கிள்." அன்று சின்னப்பாப்பா சுட்ட வடையை வரிசையாக வைத்தால் திண்டிவனம் வரைக்கும் போய்விடும். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தன் கடை படத்தில் வரப் போகிறது என்று புதுப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள், காலையில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும், கன்டினியூட்டி என்று சொல்லி மறுபடி பழைய புடவையைக் கட்ட வைத்தார்கள்.

ராமலிங்கத்தின் தலைக்கனம் டேக்குக்கு டேக் ஏறியது. இடைவேளையில் மேக்கப் பெண் வந்து அவன் நெற்றி வியர்வையை ஒற்றினாள். என் பக்கம் வரவே இல்லை. முதுகுக்கு எதற்கு ஒற்றல்?

"ஏம்மா," என்று கூப்பிட்டான் அவன், "எதிர்ல இருக்கறவர கொஞ்சம் குனிஞ்சி உக்காரச் சொல்லு. என் மூஞ்சிய மறைக்கறாரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டினேன். "அங்கிள், கன்டினியூட்டி!" என்று கவிநிலா கத்தினாள்.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விடிவு வந்தது. தயிர் சோற்றுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கவிநிலா, "மதியத்துக்கு மேல ரிவர்ஸ் அங்கிள்," என்றாள்.

"அப்படின்னா?"

"இவ்ளோ நேரம் தெருவுல இருந்து கடையப் பாத்து எடுத்தோம். ஹீரோயின் மூஞ்சி தெரிஞ்சுது. இப்ப கேமராவ கடைக்குள்ள வெச்சி தெருவப் பாத்து எடுக்கப் போறோம். ஹீரோ மூஞ்சிக்காக."

"அப்போ…"

"அப்போ உங்க மூஞ்சி தெரியும். அந்த அங்கிளுக்கு முதுகு. கடைசில ஃபோக்கஸ் ஹீரோகிட்ட இருந்து உங்க மேல வரும். நீங்க சிரிச்சிட்டே பேசிட்டிருக்கீங்க, அதோட சீன் முடியுது."

தயிர் சோறு தொண்டையில் அல்வாவாக இறங்கியது. மூஞ்சி. அதுவும் தனியாக. அதுவும் காட்சியின் கடைசியில். கமலாவுக்குப் போன் போட்டேன், பெண்ணுக்குப் போன் போட்டேன், மின்துறையில் இன்னும் வேலையிலிருக்கும் நாலு பேருக்குப் போன் போட்டேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் ராமலிங்கம் எழுந்து நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தான்.

"எங்கய்யா போற?"

"வீட்டுக்கு. இடுப்பு வலிக்குது."

"நீ போனா எல்லாம் வீணாயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சில்ல?"

"ஆவட்டுமே." குனிந்து என் காதருகில் வந்தான். வடை வாசனை அடித்தது. "எனக்கின்னாய்யா நஷ்டம்? என் முதுகு அந்தக் காலத்துலயே வந்தாச்சி. உனக்குத்தான் ஒண்ணுமே இல்ல. உன் மூஞ்சி வரணும்னா நான் இங்க உக்காரணும். நான் உக்காரணும்னா…"

"என்ன வேணும்?"

"எங்க ஆளு மாதிரி அழுவறதுக்கு இந்தியாவுலயே ஆளு கெடையாதுன்னு சொல்லணும். இங்கயே. எல்லார் எதிர்லயும். சத்தமா."

என் ரத்தம் கொதித்தது. ஒரு சொட்டு சிந்தியிருந்தால் பெஞ்சு எரிந்திருக்கும். "பைத்தியமாடா உனக்கு?"

"சரி, வரேன்," என்று செருப்பை மாட்டினான்.

கடைக்குள் கேமராவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நேரே அதன் கண்ணாடிக் கண். இந்த வயதில் இன்னொரு கேமரா என் மூஞ்சியைத் தேடி வருமா? எங்கள் தெருவுக்கு இனிமேல் இந்த நூற்றாண்டில் யாரும் மஞ்சள் அடிக்கப் போவதில்லை. ராமலிங்கம் நாலு எட்டு நடந்துவிட்டான்.

"நில்லுய்யா!" என்றேன்.

நின்றான். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான், பழைய பழக்கம்.

பெஞ்சு மேல் ஏறி நின்றேன். லைட்டுக்காரர்கள், குடை பிடிப்பவர்கள், வேடிக்கை பார்க்கும் தெரு, சின்னப்பாப்பா எல்லோரும் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். கசாயம் குடித்த மாதிரி இருந்தது. "ராமலிங்கத்தோட ஆளு மாதிரி அழுவறதுக்கு… இந்தியாவுலயே ஆளு கெடையாது."

"கேக்கல," என்றான் ராமலிங்கம்.

"இந்தியாவுலயே ஆளு கெடையாது!"

கூட்டத்தில் அவன் கட்சிக்காரன் எவனோ விசிலடித்தான். சின்னப்பாப்பா கரண்டியோடு நின்றுவிட்டாள். "இன்னாண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள்.

ராமலிங்கம் அமைதியாக வந்து உட்கார்ந்தான். வடையைக் கேட்டு வாங்கி அதே இடத்தில் கடித்தான்.

ரிவர்ஸ் தொடங்கியது. கவிநிலா என் கையில் டீயைக் கொடுத்தாள். "காலைல மாதிரியே அங்கிள். சிரிச்சிட்டே. சத்தம் மட்டும் வேணாம்." இயக்குநர் கையைக் காட்டினார். தாடிக்காரன் தன் வசனத்தைத் தொடங்கினான். நான் சிரித்தேன். மீசையைக் கொஞ்சம் தூக்கிச் சிரித்தேன். வாழ்நாள் முழுசும் ஒத்திகை பார்த்த சிரிப்பு அது.

எதிரே ராமலிங்கத்தின் வாய் அசையத் தொடங்கியது. கேமராவுக்கு அவன் முதுகு. அவன் என்ன செய்தாலும் யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

"நன்றிய்யா," என்று வாயசைத்தான். "இவ்ளோ வருசம் பொய் சொன்னேன்னு ஊரறிய ஒத்துக்கினியே."

நான் சிரித்துக்கொண்டே, "வாய மூடுடா," என்று வாயசைத்தேன்.

"எங்க ரசிகர் மன்றத்துப் பசங்ககிட்ட சொல்லிட்டேன். பேனர் அடிக்கறோம்."

சிரிப்பு கொஞ்சம் வழுக்கியது. பிடித்து நிறுத்தினேன்.

"பெரிய பேனரு. மேல எங்க ஆளு அழுவற போட்டோ. கீழ உன் போட்டோ. கை கூப்பிக்கினு. அழுகையின் அரசனை ஏற்றுக்கொண்ட அரிகிருஷ்ணன் அவர்களுக்கு நன்றின்னு. அஜந்தா சிக்னல்ல ஒண்ணு, உன் வீட்டு வாசல்ல ஒண்ணு. மூஞ்சி மூஞ்சின்னு அலைஞ்சியே, ஊரு பூரா உன் மூஞ்சிதான்."

பாண்டிச்சேரியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் காது குத்தினால் பேனர், காய்ச்சல் தெளிந்தால் பேனர். வைத்தால் காற்றடித்துக் கிழியும்வரை எடுக்க மாட்டார்கள். என் ஆளுக்காக மன்றம் வைத்து, தோரணம் கட்டி, கட்அவுட்டுக்குப் பால் ஊற்றி, ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட நான், அவன் ஆளின் காலடியில் கும்பிட்டுக்கொண்டு சிக்னலில் தொங்குவதா?

ஃபோக்கஸ் அந்தச் சமயம்தான் என் மேல் வந்ததாம். பிறகு சொன்னார்கள்.

நான் எழுந்தேன். டீ கிளாஸ் பறந்தது. "அழுவத் தெரியாதுடா உன் ஆளுக்கு!" என்று கத்தினேன். பிள்ளைச்சாவடியில் கடலுக்குள் போன படகுக்காரன் திரும்பிப் பார்த்திருப்பான். "வாபஸ்! சொன்னதெல்லாம் வாபஸ்! மீன் முள்ளு! மீன் முள்ளு!"

"கட்! கட்!"

கதாநாயகன் பயந்துபோய் கதாநாயகிக்குப் பின்னால் நின்றான். கவிநிலா என் கையைப் பிடித்தாள். பாவம், அவள் கண் கலங்கியிருந்தது. "அங்கிள், ப்ளீஸ். லைட் போறதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு டேக் எடுக்கலாம்னு சார் சொல்றாரு. ஒண்ணும் செய்ய வேணாம். உக்காந்து சிரிங்க, போதும். உங்க சிரிப்பு மானிட்டர்ல அவ்ளோ நல்லா இருந்துச்சு அங்கிள்."

நல்லா இருந்ததாம். கேமராவைப் பார்த்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பெஞ்சைப் பார்த்தேன். ராமலிங்கம் வடையோடு காத்திருந்தான். நான் உட்கார்ந்தால் சொன்ன சொல் நிற்கும், பேனர் நிற்கும். எழுந்து போனால் மூஞ்சி போகும்.

"உக்காருய்யா," என்றான் அவன், முதல் தடவையாகக் குரலை இறக்கி. "சும்மா சிரிச்சிட்டுப் போய்யா."

"நீ சொல்லி நான் உக்கார்றதா?" என்றேன். மறுபடியும் பெஞ்சில் ஏறினேன், உட்கார இல்லை. கூடியிருந்த அத்தனை பேரையும் பார்த்து, வாபஸ் வாங்கினதை இன்னொரு தடவை, டாக்டர், நர்ஸ், ஒரு ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். இறங்கினேன். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கவிநிலா திரும்பி வந்தபோது குரலில் காலையில் இருந்த உற்சாகம் துளியும் இல்லை. "பெஞ்ச எடுத்துடுங்க. இந்த சீன நாளைக்கு சொல்தா வீட்டு வாசல்ல புதுசா எடுக்கறோம். டீக்கடையே வேணாம்னுட்டாரு."

"அப்போ காலைல எடுத்தது?" இது ராமலிங்கம்.

"அது யூஸ் ஆகாது அங்கிள்."

"யூஸ் ஆவாதுன்னா? என் மூஞ்சி இருக்குதே அதுல!"

"முழு சீனும் போயிடுச்சு. மூஞ்சிய மட்டும் என்ன பண்றது?"

அவன் எழுந்தான். வடை கீழே விழுந்தது, அந்தக் கடியோடு. "யம்மா, யம்மா, நில்லும்மா. நான் ஒண்ணும் பண்ணல. சொன்ன மாதிரியே உக்காந்திருந்தேன். இன்னும் எத்தினி வடை வேணாலும் கடிக்கறேன். வீட்ல எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேம்மா. அந்த ஆளத் தூக்கிப் போட்டுட்டு வேற எவனையாவது உக்கார வைய்யி, நான் பேசிக்கறேன்." தொப்பிக்காரியின் பின்னாலேயே ஓடினான். நாலு நாள் தாடியில் கண்ணீர் இறங்கியது.

ஆக, எனக்கின்னாய்யா நஷ்டம் என்று செருப்பை மாட்டினானே, அத்தனையும் நடிப்பு! ஒரு எட்டு நான் பொறுத்திருந்தால் தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்திருப்பான். எனக்கு மூஞ்சி போனது அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. உடம்பெல்லாம் குளுகுளுவென்று இருந்தது.

"ராமலிங்கம்!" என்று கூப்பிட்டேன். "இதாண்டா அழுக! நல்லாப் பாத்து வெச்சிக்கினு போய் உன் ஆளுக்குச் சொல்லிக் குடு!"

தலைத்துண்டைச் சுருட்டிக்கொண்டு என் மேல் பாய்ந்தான். என் சந்தனச் சட்டையில் இரண்டு பொத்தான் போயிற்று, அவன் பனியனில் இன்னொரு ஓட்டை. சின்னப்பாப்பா கொதிக்கிற பால் கரண்டியோடு நடுவில் வந்தாள்.

"ரெண்டு கெழவனும் எந்திரிச்சி ஓடுங்க! என் கடை சினிமாவுல வந்திருக்கும்டா, பாவிங்களா! இனிமே இந்தப் பக்கம் டீன்னு வாய தொறந்தீங்க, வாயில ஊத்துவேன்!" அண்ணா என்று கூப்பிட்ட வாய் அது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, எங்கள் ஊர்ப் போலீஸுக்கே உரிய சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, கையில் தடி. "யோவ், இன்னா கலாட்டா? ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடங்க," என்று ஒரு அதட்டு அதட்டினார் பாருங்கள்! நான் இடது பக்கச் சந்தில் ஓடினேன். ராமலிங்கம் வலது பக்கம் ஓடினான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் அப்படி ஓடுவேன் என்று என் எலும்பு டாக்டர் நம்பவில்லை.

மறுநாள் காலையில் தெருவின் எதிரெதிர் ஓரத்தில் நின்று பேசும்போதுதான் அந்தச் சந்தேகம் கிளம்பியது. அன்றைக்குப் படத்தில் போலீஸ் காட்சியும் இருந்ததாம். ஏழெட்டுத் துணை நடிகர்கள் அதே சிவப்புத் தொப்பியோடு சொல்தா வீட்டுக்குள் காத்திருந்தார்களாம். எங்களை விரட்டியவர் துணை நடிகர்தான் என்கிறான் ராமலிங்கம். அதனால் நிஜப் போலீஸ் என்கிறேன் நான்.